மதிரைகொண்ட கோப்பரகேசரி யார்?

முகநூலில் வரும் வரலாற்றுப் பதிவுகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பதிவு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் சாய்ந்த நேரத்தில் அந்தத் திருச்சுற்றில் நின்றாலே நிழல் தெரியும். அதே கோயிலின் ‘நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ என்ற வரியை எடுத்து, அந்த அக்கன் ராஜராஜனின் தமக்கை குந்தவை என்று விளக்கும் பதிவுகள் கவனிக்கப்படாமல் போகின்றன. நாம் தேடிப்போக வேண்டியவை அவைதாம்.

பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறை பற்றிய பதிவுகள் நல்ல உரைகல். அதைச் சொல்லும் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பலர் ராஜராஜன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அது ‘மதிரைகொண்ட கோப்பரகேசரி’ என்று தொடங்குகிறது. மதுரையை வென்ற அந்தப் பரகேசரி முதலாம் பராந்தகச் சோழன். ராஜகேசரி, பரகேசரி என்பவை சோழ மன்னர்கள் மாறி மாறிப் புனைந்த பட்டங்கள். வெறும் ‘கோப்பரகேசரி’ என்று இருந்தால் எழுத்தமைதியையும் (எழுத்துகளின் வடிவத்தையும்) உள்ளே வரும் பெயர்களையும் பார்க்காமல் மன்னனை முடிவுசெய்ய முடியாது. இந்தத் தயக்கத்தை வெளிப்படையாக எழுதுபவருக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம்.

ஆண்டுக் கணக்கிலும் தவறு நேர்கிறது. பராந்தகன் ஆட்சி 907இல் தொடங்கியது. 14ஆம் ஆட்சியாண்டு என்றால் 920–921. முதலாண்டையும் சேர்த்து எண்ணுவதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். கல்வெட்டில் வரும் சக ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக்க 78 கூட்டுவதிலும் மாதத்தைப் பொறுத்து ஓராண்டு மாறலாம்.

அடுத்தது உள்ளடக்கம். 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ், கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் இறைநிலம், சொந்த மனை ஆகிய தகுதிகளை எல்லோரும் எழுதுகிறார்கள். அது பிரமதேயச் சபை, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரின் சபை, ஊரார் எல்லோருக்கும் இடமில்லை, ஓலையைக் குடத்திலிருந்து எடுத்தது ஒரு சிறுவன் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்தான் கல்வெட்டை முழுக்கப் படித்தவர். ‘மக்களாட்சி’ என்று பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்ளும் பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி வேலைதான்.

படத்தையும் விடக் கூடாது. வேறொரு கோயிலின் சுவரைப் போட்டிருப்பார்கள். தரப்பட்ட வாசகத்தில் இரண்டு வரியை எடுத்துப் படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ‘கல்வெட்டு சொல்கிறது’ என்பது சான்றாகாது. அது அச்சான கல்வெட்டுத் தொகுதியும் அதில் அதன் எண்ணும் வேண்டும். களவைப் பிடிக்கப் பதிவின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேட வேண்டும், ஏனென்றால் எடுத்தாள்பவர்கள் முதல் பத்தியை மட்டும் மாற்றுவார்கள். பிறகு திருத்த வரலாறு. பிழையைச் சுட்டிக்காட்டியதும் சத்தமில்லாமல் அழித்தவரும், ‘திருத்தம்’ என்று போட்டு நன்றி சொன்னவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர்.

தேர்ந்தெடுத்த பின் ‘அருமையான பதிவு’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த வாசிப்பு புதிது, எந்தச் சான்று வலுவானது என்று மூன்று வரி எழுத வேண்டும். எழுதியவரின் அனுமதி கேட்டு மூலப் பதிவின் இணைப்பையே பகிர வேண்டும். நகலெடுத்து ஒட்டினால் மறுநாளே பெயரில்லாமல் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். கணக்கு முடங்கினால் பதிவும் போய்விடும் என்பதால் ஒரு பிரதியை அன்றே சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.