காரணம் கேட்ட அழைப்பு

"எதனால் தம்பி இப்படி ஆச்சு?" என்று, வீட்டில் இணையம் நின்றுபோனதாக எங்கள் இணையச் சேவையின் உதவி எண்ணுக்கு அழைத்த அந்த அம்மா கேட்டார். "அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை நெரிசல்தான் அம்மா" என்று நான் பதில் சொன்னேன். அழைப்பு முடிந்து மாதங்கள் ஆகியும் அந்தப் பதில் மனத்தை விட்டு அகலவில்லை. அது பொய் என்று சொல்ல முடியாது; உண்மை என்று காட்டவும் என் கையில் எதுவும் இருக்கவில்லை.

அவருடைய மகனுக்குச் சற்று நேரத்தில் வீடியோ வழியாக நேர்முகத் தேர்வு. செல்பேசியில் வைஃபை கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை என்றார். ரௌட்டர் பெட்டியில், ஃபைபர் கம்பியில் ஒளி வராததைக் காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று கேட்டேன். இல்லை, ஃபைபர் இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் எரிகிறது என்றார். அப்படியானால் ஃபைபரில் ஒளி வந்துகொண்டிருக்கிறது. செல்பேசிக்கும் ரௌட்டருக்கும் இடையில் கோளாறா, ரௌட்டரைத் தாண்டி வெளியே போகும் வழியில் கோளாறா என்பதுதான் மிச்சம் இருந்த கேள்வி.

அதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் அது 192.168.1.1 என்றுதான் இருக்கும், பிரவுசரில் அடித்துப் பார்க்க வேண்டும். இணையம் அறவே இல்லாவிட்டாலும் ரௌட்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். அது சட்டென்று திறந்தால் வைஃபையைக் குறை சொல்வதில் பொருளில்லை. தயங்கித் தயங்கித் திறந்தாலோ திறக்காமலே போனாலோ வைஃபையைச் சந்தேகிக்கலாம். ஆனால் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்ட செல்பேசி, சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது அந்தப் பக்கம் திறக்காது, நாம் தவறான முடிவுக்கு வருவோம். ஆகவே முதலில் டேட்டாவை அணைக்கச் சொல்ல வேண்டும், பிறகு முகவரியைப் புள்ளி புள்ளியாக வாசித்துக் காட்ட வேண்டும். பதற்றத்தில் இருப்பவரிடம் தொலைபேசியில் இதைச் செய்ய வைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னணியில் மகன் "அம்மா, நேரமாகுது" என்று சொல்வதும் எனக்குக் கேட்டது. ரௌட்டரை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போடச் சொன்னேன். இணையம் வந்துவிட்டது.

அந்த முடிவை இன்றும் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது இணைப்பு. என்னுடைய ஆராய்ச்சி அல்ல. ஆனால் வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலானவை நடந்ததைத் தற்காலிக நினைவகத்தில்தான் குறித்து வைக்கின்றன; மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் குறிப்பும் போய்விடும். ரீஸ்டார்ட் கோளாறை நீக்குகிறது, கோளாறின் தடயத்தையும் சேர்த்தே நீக்குகிறது. தடயத்தை நானே அழிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே காரணத்தை உறுதியாகச் சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது.

ஊகம் ஆதாரமில்லாமல் வந்ததும் அல்ல. அவர்கள் இணைந்திருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலைவரிசையில் சேனல்கள் எனப்படும் பிரிவுகளுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி; ஒவ்வொரு ரௌட்டரும் பிடித்துக்கொள்வதோ குறைந்தது 20. அதனால் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடியவை பொதுவாக 1, 6, 11 என்ற மூன்று சேனல்களே. அந்த அம்மாவின் செல்பேசியில் தெரிந்த வைஃபை பெயர்களின் பட்டியலோ, அவர் சொன்னபடி, "கீழே போய்க்கிட்டே இருக்கு". சேனல் ஆட்டோவில் இருந்தால் பல ரௌட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகும்போது சுற்றுப்புறத்தைப் பார்த்துப் புதிய சேனலுக்கு மாறும். கோடுகள் முழுமையாக இருந்ததும் இதற்கு முரண் அல்ல. கோடுகள் சிக்னலின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன, அதில் எவ்வளவு இரைச்சல் கலந்திருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை.

இப்படி எனக்கு நானே வாதாடி முடிக்கும்போதெல்லாம் அந்த ஆச்சரியக்குறி எதிரே வந்து நிற்கிறது. நெரிசல் என்றால் வேகம் குறையும், படம் உறையும், விட்டு விட்டு வரும். முற்றாக நின்றுபோவது அரிது. ரௌட்டருடன் செல்பேசி சேர்ந்திருக்க, வெளியே மட்டும் போக முடியவில்லை என்றால், வெளியிணைப்பின் லாகின் அறுந்திருக்கலாம், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதிலளிக்காமல் இருந்திருக்கலாம், பல வாரங்களாக அணைக்கப்படாத ரௌட்டரின் நினைவகம் நிரம்பியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் குணப்படுத்தும். குணமானதை வைத்து நோயைச் சொல்ல முடியாது.

நான் சொன்னதைக் கேட்டதும் அவர், "அப்படின்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா தம்பி?" என்றார். என் ஊகம் இன்னொருவர் வீட்டு வாசல்வரை போகக்கூடும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "வேண்டாம் அம்மா, அந்த அலைவரிசை எல்லாருக்கும் பொது. அவங்க ரௌட்டர் நமக்கு எப்படியோ, நம்ம ரௌட்டர் அவங்களுக்கும் அப்படித்தான்" என்று அவசரமாகச் சொன்னேன். அந்த உரையாடலில் நான் முழு உறுதியோடு சொல்லக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான். அவர் கேட்டுக்கொண்டாரா, பிறகு பேசினாரா என்பது எனக்குத் தெரியாது.

புகாரை முடிக்கும் திரையில் காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி அதில் இல்லை. 'வயர்லெஸ் இடையூறு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவர் மீண்டும் அழைக்கவில்லை. என் ஊகம் சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் அவர் அழைக்காமல் இருந்திருக்கலாம்.

அண்மையில் இதே அறிகுறிகளோடு ஒருவர் அழைத்தார், அவருக்கும் அவசரம். ரீஸ்டார்ட் செய்யத்தான் சொன்னேன், சரியாயிற்று. காரணம் கேட்டபோது, இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடி வந்தால் அணைப்பதற்கு முன் இந்த முகவரியைத் திறந்து பாருங்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா குடுங்க சார்" என்றார். அழைப்பை மாற்றிக் கொடுத்தேன்.