இடது காதும் மூன்று லாக்புக்கும்

நவம்பர் 13, 2023

தீபாவளி முடிந்தும் தெரு அடங்கவில்லை. விடிந்ததும் யாரோ பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவர் ஏர்ஃபோர்ஸாம்" என்று பாப்பா கேலி செய்கிறாள்.

மூன்று லாக்புக்கையும் மேசைமேல் அடுக்கியாயிற்று. சிவில் பைலட் லைசென்ஸ் வேண்டுமானால் ஒவ்வொரு வரியையும் டிஜிசிஏ (சிவில் விமானத் துறை) தளத்தில் ஏற்ற வேண்டும். தேதி, விமான வகை, எங்கிருந்து எங்கே, பகலா இரவா, கேப்டனா கோ-பைலட்டா. இருபது வருஷம். இன்று 2005 வரை வந்தேன். 2005-இல் என் கையெழுத்து அழகாக இருந்திருக்கிறது.

நவம்பர் 16

இடது காது: 3000 ஹெர்ட்ஸில் 45 டெசிபல் இழப்பு. எல்லை 50.

நவம்பர் 21

பெங்களூரில் எடுத்த காது சார்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபல் இழப்பு வரை விடுவார்கள். 3000-இல் 50 வரை. 4000-ஐ யாரும் கேட்பதில்லை. என் இடது காதுக் கோடு 4000-இல்தான் கிணற்றில் விழுகிறது. இரைச்சலில் வேலை பார்த்த எல்லாக் காதுக்கும் அங்கேதான் முதல் அடி. பிறகு பக்கத்துக்குப் பரவும். 3000 பக்கத்து வீடுதான்.

குக்கர் விசில் அடித்தபோது வலது காதைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். இவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. (அவள் கேட்கவில்லை. விசில் கேட்டது.)

நவம்பர் 24

ஆர்டிஆர், ரேடியோவில் பேசும் உரிமத்துக்கான தேர்வு, போச்சு. மறுபடி போக வேண்டும்.

நவம்பர் 25

நேற்று எழுத மனமில்லை. அவசர அலைவரிசை என்ன என்றார் தேர்வாளர். "243" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது ராணுவத்துக்கு. சிவில் 121.5 என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திருத்திக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு நாக்கு குழறிவிட்டது. பான்-பான் (அவசர நிலை அறிவிப்பு) சொல்லும் முறையில் இரண்டு இடத்தில் தடுமாற்றம். இருபது வருஷம் ரேடியோவில் பேசியே பிழைத்தவனுக்கு ரேடியோவில் பேசத் தெரியவில்லை என்று தீர்ப்பு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் "அங்கிள், என்ன கேட்டாங்க?" என்று மொய்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன்.

நவம்பர் 28

ரெகுலேஷன்ஸ் பரீட்சைக்குப் படிப்பு. சிகாகோ விமானப் போக்குவரத்து ஒப்பந்தம், 1944. மொத்தம் பத்தொன்பது அனெக்ஸ், அதாவது இணைப்பு. ஒன்றிலிருந்து பதினொன்று வரை வேகமாகப் போயிற்று.

அனெக்ஸ் 12, தேடலும் மீட்பும். விமானத்திடமிருந்து தகவல் இல்லையென்றால் மூன்று கட்டம். இன்செர்ஃபா: தகவல் வர வேண்டிய நேரம் தாண்டி முப்பது நிமிடம் ஆகியும் வராவிட்டால். அலெர்ஃபா: அதற்குப் பிறகு விசாரித்தும் ஒன்றும் தெரியாவிட்டால். டெட்ரெஸ்ஃபா: கையிலிருக்கும் எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கருதும்போது.

புத்தகத்தை மூடிவிட்டேன். கோவைக்குப் போன் பேசி ரொம்ப நாளாயிற்று.

டிசம்பர் 4

மிக்ஜாம். நேற்று ராத்திரியிலிருந்து மழை நிற்கவில்லை. மீனம்பாக்கத்தில் ஓடுபாதைமேல் தண்ணீர், விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். முடிச்சூரில் மாமியார் வீட்டுக் கீழ்த்தளம் போய்விட்டது, மாடியில் இருக்கிறார்கள். லாக்புக் மூன்றையும் பாலிதீன் பையில் கட்டி பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். இவள் நகைப்பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள்.

டிசம்பர் 5

கரண்ட் இல்லை. தண்ணீர் இல்லை.

டிசம்பர் 6

மாமியாரைப் படகில் கூட்டி வந்தார்கள். வந்ததும் "உனக்கு வேலை கிடைச்சுதா?" என்றார்.

ராத்திரி கரண்ட் இல்லாத அமைதியில் சுவர்க்கோழிகள். வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தேன். சத்தம் நின்றுவிட்டது. புரண்டேன், தெரு முழுக்கக் கத்துகின்றன. மறுபடி புரண்டேன். ஒன்றுமில்லை. இப்படியே எத்தனை தடவை என்று தெரியவில்லை. "தூங்குங்களேன்" என்றாள் இவள். அது கேட்டது.

டிசம்பர் 19, பாராமதி

எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு இருபத்துநாலு வயது. நாமக்கல் பக்கம். என்னை வாய் நிறைய சார் என்கிறான், ஆனால் இறங்கும்போது அவன் கை யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) விட்டு ஓர் அங்குலம் நகர்வதில்லை. அவன் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

செஸ்னா 172. முழுச் சுமையோடு ஆயிரத்து நூறு கிலோ சொச்சம். ஏர்ஃபோர்ஸில் நான் ஓட்டிய சரக்கு விமானம் ஏஎன்-32 இருபத்தேழாயிரம். அதில் உட்கார்ந்தால் மாடி பால்கனி, இதில் உட்கார்ந்தால் ஆட்டோ. கண்ணுக்கு அந்தப் பழைய உயரம்தான் தரை. பத்து அடி மேலேயே மூக்கைத் தூக்கிவிடுகிறேன். அது மிதக்கிறது, வேகம் சாகிறது, பிறகு தொப்.

"சார், தரை இன்னும் வரல."

ஐந்து தடவை தொப். சுற்றிலும் கரும்பு. கரும்பு வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதுபோலவே இருந்தது.

டிசம்பர் 20

தொப்.

டிசம்பர் 22

வந்துவிட்டது. பையன் ஒரு தந்திரம் சொன்னான்: எதிரே தரையைப் பார்க்காதீங்க, ஓடுபாதையோட கடைசியப் பாருங்க. இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கடைசி மூன்றும் வெண்ணெய். ஸ்டால் (வேகம் செத்து இறக்கை தூக்காமல் போவது) பயிற்சியில் இறக்கையோரத்து ஊதல் பீப்பி மாதிரி அழுதது. "ஹாரன் கேட்டுச்சா சார்?" கேட்டது. எந்தக் காதில் என்று அவன் கேட்கவில்லை.

இவ்வளவு சின்ன எஞ்சினில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சரக்கு இல்லை, பாராட்ரூப்பர் இல்லை, லோட் ஷீட் இல்லை. கரும்புக்கு மேலே சும்மா ஒரு சுற்று.

ஜனவரி 9, 2024

ரெகுலேஷன்ஸ் பரீட்சை. கூடத்தில் நான்தான் கிழவன். முதல் பத்து கேள்விக்குள் இன்செர்ஃபா வந்துவிட்டது. முப்பது நிமிடம் என்பதைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். 70 எடுக்க வேண்டும். எடுத்துவிடுவேன்.

ஜனவரி 12

கண்டுபிடித்துவிட்டார்கள்.

கே-2743, காணாமல் போன எங்கள் ஏஎன்-32. வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழம். நம் பள்ளிக்கரணை நியோட் (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆட்கள் இறக்கிய ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்கள். சென்னைக் கரையிலிருந்து 140 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 310 கிலோமீட்டர் என்று செய்தி.

140-ஐ 1.852-ஆல் பெருக்கினால் 259 சொச்சம். 310 எப்படி வரும்? 310 கிலோமீட்டர் என்றால் 167 நாட்டிக்கல் மைல் ஆகிவிடுமே. இவள் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் காகிதத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். கால்குலேட்டரிலும் போட்டேன். 259.28.

ஏழரை வருஷம்.

ஜனவரி 13

259. 310 இல்லை.

ஜனவரி 14

கோவைக்குப் போன் போட்டேன். நாவ் சார் (நேவிகேட்டர், அதாவது வழிகாட்டி அதிகாரி) முதல் மணியிலேயே எடுத்தார். ஹலோ இல்லை, எப்படியிருக்கே இல்லை.

"ஏம்ப்பா, நூத்திநாப்பது நாட்டிக்கலுக்கு எவ்வளவு வருது உனக்கு?"

"இருநூத்தி அம்பத்தொம்பது சார்."

"அதானே."

பிறகு இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டில் மிக்ஸி ஓடியது. பொங்கல் எப்போ வைக்கறே என்றார். சொன்னேன்.

ஜனவரி 15

பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது நல்லது என்றார் மாமியார். முடிச்சூர் வீட்டில் சேற்று வாடை இன்னும் போகவில்லையாம்.

ஜனவரி 19

லாக்புக் இரண்டாவது வால்யூமில் ஜூலை 2016-க்கு வந்தாயிற்று. இருபத்திரண்டாம் தேதி என் பக்கத்தில் ஒன்றுமில்லை. அன்று நான் லீவில் சேலத்தில் இருந்தேன். எட்டரைக்குத் தாம்பரத்தில் கிளம்பி, 9:12-க்கு ரேடாரில் இல்லாமல் போனது. இருபத்தொன்பது பேர். சூலூர் விமானம், எங்கள் விமானம். மறுநாளிலிருந்து வரிசையாக என் வரிகள்: தாம்பரம், தாம்பரம். தாம்பரம், தாம்பரம். கிளம்பிய இடமும் இறங்கிய இடமும் ஒன்று. தாழப் பறந்து, ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நுரை நுரையாகப் பார்த்துக்கொண்டே போனோம். எந்த நுரையும் வெறும் நுரைதான்.

தளத்தில் எதற்காகப் பறந்தாய் என்பதற்குக் கட்டம் இல்லை. ஏஎன்-32, பகல், கேப்டன், மணி, நிமிடம். பதினொரு வரி. கூட்டுத்தொகை தானாக ஏறியது. சேவ் கொடுத்தேன். சர்வர் தொங்கிப் பாதி போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தட்டினேன்.

ஜனவரி 22

ரெகுலேஷன்ஸ் 88.

ஜனவரி 24

மெடிக்கல் கடிதம் இன்னும் வரவில்லை. ஆர்டிஆருக்குத் திரும்பப் பணம் கட்டினேன். பாராமதிக்கு டிக்கெட், மேல் பெர்த்தான் கிடைத்தது. 121.5. 121.5. இவள் வாசலிலிருந்து என்னமோ சொல்கிறாள்