தூக்கு கேட்பவர்களின் வீட்டில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஊர் பேசும்படியான ஒரு கொலை நடந்துவிட்டால், இழவு வீட்டில் தேநீர் சுற்றி வருவதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "தூக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருந்ததில்லை.

நான் மரண தண்டனையை எதிர்ப்பவள். ஆனால் அதைக் கேட்பதற்கு மற்ற எல்லோரையும்விட அதிக உரிமை உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. ஆயுள் கைதி ஒருவர் பரோலுக்கு, அதாவது மீதித் தண்டனையை நிபந்தனைகளோடு வெளியே கழிக்கும் அனுமதிக்கு வரும்போது, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் வாய் திறக்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. பரோல் குழுவின் முன் நேரில் வந்து பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். அவர்கள் விரும்பினால், கைதியும் சம்மதித்தால், இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கவும் ஏற்பாடு உண்டு. அதற்கு முன்பு யாராவது அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய், பேசி, அவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும். சமூகப் பணியாளரான எனக்கு அது பெரும்பாலும் தமிழ் வீடுகளாகவே அமைந்தது. துக்கத்தைத் தமிழில்தான் கொட்ட முடியும் என்கிற பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

சாட்ஸ்வர்த்தில் ஓர் ஆயா. கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மகனைச் சுட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, கொன்றவனுக்குப் பரோல் விசாரணை என்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதுவும் எப்போதோ இறந்துபோன அவர் கணவரின் பெயருக்கு. அந்தக் கடிதத்தை பிஸ்கட் டப்பா ஒன்றில், மகனுடைய கருமாதிச் செலவுக் கணக்கோடும் மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துண்டோடும் சேர்த்து வைத்திருந்தார். என்னை உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். கடைசியாக ஒரு சாவிக்கொத்து. கடைச் சாவி. கடை கைமாறி வெகுகாலம் ஆகிவிட்டது.

"அவனைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும்" என்றார். பிறகு சற்றுநேரம் கழித்து, "போட்டிருந்தால் நான் யாரிடம் கேட்பேன்?" என்றார்.

மகன் உடனே இறந்தானா, கொஞ்ச நேரம் கிடந்தானா, எதையாவது சொன்னானா என்பதுதான் அவர் கேட்க விரும்பியது. நீதிமன்றத்தில் அது வரவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் வெஸ்ட்வில் சிறையில் இருந்தான். ஆயா அவனைச் சந்தித்தார், கேட்டார், பதில் கிடைத்தது. அந்தப் பதிலை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது. அவர் அவனை மன்னிக்கவும் இல்லை. மன்னிப்பை எதிர்பார்த்து இந்த வேலைக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பறிகொடுத்தவர்கள்மேல் அது இன்னொரு சுமை.

இந்த நாட்டில் தூக்கு எப்படி இருந்தது என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாது. பிரிட்டோரியா மத்தியச் சிறையில் ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தொங்கவிடும் மேடை இருந்தது. மேடைக்குப் போக ஐம்பத்திரண்டு படிகள். 1987ஆம் ஆண்டில் மட்டும் 164 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பெரும்பாலானோர் கறுப்பர்கள், ஏழைகள். நிறவெறி அரசை எதிர்த்த போராளி சாலமன் மஹ்லாங்கு 1979 ஏப்ரல் 6 அன்று தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 22. இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றது அவருடைய தோழர். அந்தத் தோழர் மூளை பாதிக்கப்பட்டு, விசாரணைக்கே தகுதியற்றவர் என்று விடப்பட்டார். சுடாத மஹ்லாங்கு, ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செயல்பட்டவர்கள் எல்லோரும் பொறுப்பு என்கிற 'பொது நோக்கம்' சட்டக் கோட்பாட்டின்படி கொலைக்குற்றவாளியாகித் தொங்கினார். அரசியல் கைதிகளின் உடல்களைக் குடும்பத்திடம் கொடுக்காமல் அரசே புதைத்தது. எலும்புகளைத் தோண்டியெடுத்து ஒப்படைக்கும் வேலை 2016க்குப் பிறகும் நடந்தது. பிள்ளையின் உடலுக்காகக் காத்திருந்து கிழவிகளான தாய்மார்களும் என் கணக்கில் பறிகொடுத்தவர்கள்தான்.

கடைசித் தூக்கு 1989 நவம்பரில். அடுத்த பிப்ரவரியில் அன்றைய அதிபர் டி கிளார்க் அதை நிறுத்திவைத்தார். 1995 ஜூன் 6 அன்று, மக்வான்யானே வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவாக, கொலைக்கு மரண தண்டனை செல்லாது என்றார்கள். பதினொரு பேரும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதியது எனக்கு இன்றும் வியப்பு. ஆளுக்கொரு காரணத்தை எடை போட்டார்கள். தலைமை வகித்த ஆர்தர் சாஸ்கல்சன் இந்தியாவின் பச்சன் சிங் வழக்கையும் எடுத்துப் பேசினார். 'அரிதினும் அரிதான' வழக்குகளில் தூக்கு கொடுக்கலாம் என்று 1980இல் வந்த தீர்ப்பு அது. ஆனால் சட்டம் வகுத்த நடைமுறைப்படி உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு இந்திய அரசியலமைப்பின் வாசகத்தில் இடம் இருக்கிறது. எங்களுடைய வாசகத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு கிடையாது. பெரும்பாலான மக்கள் தூக்கை ஆதரிக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் கேள்வி அதுவல்ல என்றும் அவர் எழுதினார். ஏழைக் குற்றவாளிக்கு அரசு அமர்த்தும் வழக்கறிஞர் பெரும்பாலும் அனுபவமற்ற இளைஞர், மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கட்சிக்காரரிடமே பேசுவார் என்ற வரியைப் படித்தபோது, நான் நீதிமன்ற வராந்தாக்களில் பார்த்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும் என்பார்கள். எண்களைப் பாருங்கள். 1994–95இல் இந்த நாட்டில் சுமார் 26,000 கொலைகள். 2011–12இல் அது சுமார் 15,600 ஆகக் குறைந்தது. பிறகு ஏறி, அண்மை ஆண்டுகளில் மறுபடியும் 25,000ஐத் தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டுகளிலும் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. கொலைகள் இறங்கியதும் ஏறியதும் தூக்குக் கயிற்றால் அல்ல. மாட்டிக்கொள்வோம், தண்டனை நிச்சயம் என்ற எண்ணம்தான் குற்றத்தைத் தடுக்கும் என்று சாஸ்கல்சன் அன்றே சொன்னார். கொன்றவர்களில் பெரும்பாலானோர் பிடிபடாத நாட்டில் அந்த எண்ணம் எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் நான் ஒருமுறை ஃபீனிக்ஸில் ஓர் அண்ணனிடம் சொல்லத் தொடங்கினேன். அவருடைய மகளைக் கொன்றவன் அவளுக்குத் தெரிந்தவன்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, நான் மற்றவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. அவன் உள்ளே படிக்கிறான். சான்றிதழ் வாங்குகிறான். நாளைக்கு வெளியே வந்து கல்யாணம் செய்துகொள்வான். என் பெண்ணுக்கு இருபத்துமூன்று வயதுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்?"

மரண தண்டனைக்கு ஆதரவாக நான் கேட்டவற்றில் இதைவிட வலுவான வாதம் இல்லை. இதற்குப் புள்ளிவிவரம் பதிலாகாது. பழிவாங்கும் உரிமையைக் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்ட அரசு, அதற்கு ஈடாக என்ன கொடுத்தது என்று அவர் கேட்கிறார். மரண தண்டனையை எதிர்க்கும் கூட்டங்களில் இந்தக் கேள்வியை நாகரிகமற்றது என்பதுபோல் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

ஆனாலும் அவருக்கு நான் பதில் சொன்னேன், அவரே எனக்குச் சொன்ன கதையிலிருந்து. மகளின் வழக்குக் கோப்பு காவல் நிலையத்தில் ஒருமுறை காணாமல் போனது. விசாரணை அதிகாரி இரண்டு முறை மாறினார். வேறொரு பையனை முதலில் பிடித்து அடித்துவிட்டு, பிறகு விட்டார்கள். "அண்ணா, அந்தப் பையனை விடாமல் இருந்திருந்தால்? இதே கைகளிடமா கயிற்றைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையனின் அம்மா கருமாதிக்கு வந்திருந்தாள்" என்றார். அதற்காக அவர் மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாறவில்லை.

ஆயுள் தண்டனை என்று ஆன பிறகு அதை நேர்மையாக நடத்துவதும் எங்கள் பொறுப்பு. 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஆயுள் கைதி பரோல் கேட்கவே குறைந்தது 25 ஆண்டுகள் ஆக வேண்டும்; கடைசி முடிவு அமைச்சர் கையில். இது எதுவுமே பல குடும்பங்களுக்குத் தெரியாது. தீர்ப்பு வந்த அன்றே யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்காததால், பரோல் என்ற சொல்லைக் கேட்டதும் விடுதலை என்று பதறுகிறார்கள். விசாரணைத் தேதி சரியான ஆளுக்கு, சரியான முகவரிக்கு, கைக்கு எட்டும் நாளில் போய்ச் சேர வேண்டும். வந்து போகும் பஸ் செலவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. சிறை வாசலில் கைதியின் உறவினர்களோடு ஒரே பெஞ்சில் அவர்களைக் காக்கவைக்கக் கூடாது. தூக்கு வேண்டாம் என்று சொல்லும் நாட்டுக்கு இதெல்லாம் கடன்.

விசாரணைக்கு முந்தைய வாரம் அந்த அண்ணனின் வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கைதியின் சீர்திருத்தம் பற்றி ஒரு வரி சேர்த்தால் குழு நிதானமாகப் படிக்கும் என்று என் மேலதிகாரி ஆலோசனை சொன்னார். அண்ணன் அதைச் சொல்லவில்லை, அதனால் நான் சேர்க்கவில்லை. "இவனைத் தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன், அது முடியாது என்பதால், வெளியே விடாதீர்கள் என்று கேட்கிறேன்" என்பதுதான் முதல் வாக்கியம். அடியில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். அவர் விரும்பியபடி, விசாரணை அறையில் அதை எழுந்து நின்று வாசித்தது நான்தான்.