மண்ணின் பேரில் கேட்ட தவணை

மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள ஓர் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்து வருகிறேன். செயற்கைமுறைச் சினைப்படுத்தல், பட்டி மாடுகளுக்குத் தடுப்பூசி என்று என் நாள்கள் பெரும்பாலும் மாடுகளோடுதான் கழியும். நான் வைத்தியர் அல்ல என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊரில் எனக்கு ‘மாட்டு டொக்டர்’ என்றுதான் பெயர். நாய்கள் என் வேலைக்குள் வந்தது விசர்நாய்த் தடுப்பூசி முகாம்களின் வழியாக. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அந்தத் தொகை இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருப்பதில், கோயில் வீதியிலும் பாடசாலை முற்றத்திலும் மேசை போட்டு நாங்கள் குத்திய ஊசிகளுக்கும் பங்கு உண்டு.

அப்படியொரு முகாமில், நாய் இல்லாமல் தடுப்பூசி அட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வரிசையில் நின்றார். முறை வந்ததும் அட்டையை மேசையில் வைத்து, “நாய் செத்துப் போயிட்டு ஐயா. இத உங்களிட்டயே தந்துட்டுப் போவம் எண்டு வந்தன்” என்றார். ஒன்றரை வயது நாய். இரத்தமாக வயிற்றோட்டம் போய் நான்கே நாளில் முடிந்துவிட்டதாம். கேட்ட அளவில் அது பார்வோ வைரஸ் என்றுதான் பட்டது. விசர்நாய்த் தடுப்பூசி பார்வோவைத் தடுக்காது. அதற்கு வேறு ஊசி, அதுவும் குட்டியாக இருக்கும்போதே தவணை தவணையாகப் போட வேண்டும். இதை அவருக்கு முதலாம் ஆண்டிலேயே யாரும் சொல்லியிருக்கவில்லை; அந்த ‘யாரும்’ என்பதில் நானும் அடக்கம்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். நிழலும் ஈரமும் உள்ள வளவில் அந்தக் கிருமி ஓர் ஆண்டு வரைகூட உயிர்ப்புடன் கிடக்கும், சவர்க்காரத்துக்கோ டெற்றோலுக்கோ சாகாது, சீமெந்துத் தரையைப் பிளீச் கரைசலால் கழுவலாம், ஆனால் மண்ணில் அது அவ்வளவாக வேலை செய்யாது, ஆகவே ஓர் ஆண்டுக்குக் குட்டி கொண்டுவர வேண்டாம், வளர்ந்த, எல்லா ஊசியும் போட்ட நாய் என்றால் பரவாயில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டினார். அட்டையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறந்த நாயின் அட்டையை வாங்கி வைக்க எங்களிடம் ஒரு கோப்பும் இல்லை. “நீங்களே வச்சிருங்கம்மா” என்றேன். அதை அவர் நாலாக மடிக்காமல், மடித்த தடத்திலேயே மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த நாய்க்கு நாங்கள் ஊசி குத்தினோம்.

அதற்கு அடுத்த சித்திரையில் எங்கள் ஜிம்மி போனான். பதின்மூன்று வயது. எனக்கு வேலை கிடைத்து நான்காம் ஆண்டில் மழைக்கு வீட்டு விறாந்தையில் ஒதுங்கிய குட்டி அவன். பங்குனியிலிருந்தே அடிக்கடி தண்ணீர் குடித்தான். கிணற்றடியில் இருந்த மண்சட்டியை மனைவி ஒரு நாளில் மூன்று தடவை நிரப்பிவிட்டு, “இவன் என்ன இப்பிடிக் குடிக்கிறான்?” என்று கேட்டபோது, “வெயிலுக்கு ஆர்தான் குடிக்கல்ல?” என்றேன். அடுத்தவரின் நாயைப் பற்றி அதே கேள்வியை அலுவலகத்தில் யாராவது கேட்டிருந்தால், வயது என்ன, மெலிந்திருக்கிறதா, வாய் நாறுகிறதா என்று மூன்று கேள்வி கேட்டு, இரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருப்பேன். சிறுநீரகம் ஏறத்தாழ முக்கால்வாசி பழுதான பிறகுதான் இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருள் கூடும் என்பது எனக்குப் பாடம். தண்ணீர்ச் சட்டி அதற்கு முன்னரே காட்டிக்கொடுக்கும். முந்தியே கண்டிருந்தாலும் நோயை மாற்றியிருக்க முடியாது, சில மாதங்கள் கூடக் கிடைத்திருக்கலாம் என்று எங்கள் வைத்தியர் சொன்னார். அவர் ஆறுதலுக்காகச் சொல்கிறவர் அல்ல. கடைசிப் பதினொரு நாளும் தோலின் கீழ் சேலைன் ஏற்றியது நான்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகள் வேறு நாய் கேட்டார்கள். “வளவு துப்புரவாக வேணும், ஒரு வருசமாவது போகட்டும்” என்றேன். சொன்ன கணத்திலேயே அது பொய் என்று எனக்குத் தெரியும். மாமி முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திருவலகையிலிருந்து தலை நிமிராமலே, “ஜிம்மிக்கு வந்தது தொத்து வருத்தம் இல்லையே, தம்பி. மறுகா என்னத்துக்கு மண்ணில பழி போடுறீங்க?” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அந்த அட்டை அம்மாவிடம் நான் சொன்ன தவணை சரியானதுதான். ஆனால் அது மண்ணுக்குரிய தவணை. அவர் கேட்க வந்தது வேறு ஏதாவதாக இருந்திருக்கலாம் என்பது எனக்கு அன்று உறைத்தது.

ஐப்பசியில், ஒருவர் தம் சொந்த வளவில் நடத்தும் நாய்க் காப்பகம் ஒன்றுக்குத் தடுப்பூசிக் கடமைக்காகப் போனோம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006இல் நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் கருத்தடைச் சத்திரசிகிச்சை அதே வேகத்தில் நடக்காததால், வேண்டாத குட்டிகள் சந்தையடியிலும் பாலத்தடியிலும் விடப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். அந்தக் காப்பகத்திலும் கடுவன்கள் குறைவு. வருகிற ஒன்றிரண்டு பேரும் கடுவன்குட்டி இருக்கிறதா என்றுதான் கேட்பார்களாம். கருத்தடை செய்த பெட்டை குட்டி போடாது என்பதை நம்பவைப்பதே பெரும்பாடு என்று அவர் சொன்னார்.

ஊசி போட்ட முப்பத்திரண்டில் ஒன்று, கறுப்பு நிறம், நாலு வயது இருக்கும், கருத்தடை செய்த அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. மற்றவை குரைத்துக்கொண்டு வந்தபோது அது சுவரோடு ஒட்டி நின்று, ஊசிக்கும் அசையவில்லை. அதை நல்ல குணம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பயத்தில் உறைந்து நிற்பது. நான் இரக்கப்பட்டு எடுத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், ஜிம்மியின் சாயல் ஒரு துளியும் இல்லாத நாய் அது ஒன்றுதான் என்று பார்த்தே கேட்டேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு போய்க் கூட்டிவந்தோம். காப்பகத்தில் வைத்த பெயர் கறுப்பி, அதை மாற்றவில்லை.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பக நாய்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதலில் பயம் அடங்கும், பிறகு வீட்டின் ஒழுங்கு பிடிபடும், அதன் பிறகே வீடு தன்னுடையதாகும். கறுப்பி கணக்குப் படிக்கவில்லை. பதினாறு நாள் விறகுக் கொட்டிலுக்குள்ளேயே கிடந்தாள். யாராவது தும்புத்தடியை எடுத்தால் அந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவாள். மாமி தும்புத்தடியை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் உறங்கும் நேரம் பார்த்து முற்றம் கூட்டத் தொடங்கினார். நான் செய்ததெல்லாம், வேலையால் வந்ததும் கொட்டில் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து, அவள் முகத்தைப் பாராமல் நெத்தலிக் கருவாட்டுத் துண்டை எறிந்ததுதான். பதினேழாம் நாள் அவள் என் முழங்கையை மோந்து பார்த்தாள்.

ஜிம்மியின் மண்சட்டியை அவளுக்கு வைக்கவில்லை. அது கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறது. கறுப்பிக்கு வாங்கிய அலுமினியக் கிண்ணத்தில் காலையில் ஒரு லீற்றர் அளந்து ஊற்றுகிறேன், மறுநாள் காலை மிச்சத்தை அளக்கிறேன். பன்னிரண்டு கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு அறுநூறு, எழுநூறு மில்லிலீற்றர் சரி. ஆயிரத்து இருநூறைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். நாலு வயதுக்கு இது தேவையில்லாத வேலை என்று மனைவி சிரிக்கிறாள். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வருகிறேன். இன்று காலை அறுநூற்று நாற்பது.