நாலு மாத டேட்டாவைக் கெடுத்த கால்சியம்

நாலு மாதம் எடுத்த டேட்டாவை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. கேலிக்ஸ் ஆஃப் ஹெல்டில், அதாவது மூளைத்தண்டின் கேட்கும் பாதையிலுள்ள ராட்சத சினாப்ஸில் (நரம்புச் செல்கள் இணையும் இடம்), மின் ரெக்கார்டிங் எடுக்கப்போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூளையை மெல்லிய ஸ்லைஸாக வெட்டுவதிலும், எலக்ட்ரோடு செல்லோடு இறுக ஒட்டும் சீல் கிடைப்பதிலும் சிக்கலில்லை. 100 ஹெர்ட்ஸில் தூண்டினால், முதல் துடிப்புக்கு ஓங்கி எழும் மின்னோட்டம் பத்தாவதற்குள் பாதிக்கும் கீழே போய்விடும். செல்லுக்குச் செல் அதே படிக்கட்டு. ஒலி நீடித்தால் இந்த சினாப்ஸ் தளர்ந்துவிடுகிறது என்று கட்டுரை வரைவே எழுதிவிட்டேன்.

படித்துப் பார்த்த சீனியர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "கரைசல்ல கால்சியம் எவ்வளவுப்பா வச்சே?"

ஸ்லைஸை நனைத்து வைக்கும் கரைசலில் 2 மில்லிமோலார், அறை வெப்பநிலை. எங்கள் லேபில் கைமாறி வந்த செய்முறை அது. உயிருள்ள மூளையில் செல்களைச் சுற்றி இருப்பது ஏறத்தாழ 1.2தான். கால்சியம் கூடினால் கையிருப்பு வெசிக்கிள்களில் (சமிக்ஞை வேதிப்பொருள் அடங்கிய நுண்பைகள்) பெரும்பங்கை முதல் சில துடிப்புகளே கொட்டிவிடும். பின்னால் வருவதற்கு மிச்சம் குறைவு. குளிர்ச்சியில் மறுபடி நிரம்புவதும் மந்தம். நான் அளந்ததில் பெரும்பகுதி என் கரைசலின் குணம். உயிருள்ள சுண்டெலியில் இந்தத் தளர்ச்சி மிகக் குறைவு என்று 2009-லேயே ஆய்வு வந்திருக்கிறது. முதல் நாளே அதைப் படித்திருக்க வேண்டும்.

திரும்ப ஆரம்பித்தேன்: 1.2 மில்லிமோலார், 37 டிகிரி. சூடு ஏறியதும் குழாயில் காற்றுக்குமிழ் சேர்ந்து எலக்ட்ரோடை உலுக்கியது. மூன்று நாள் வீண். கரைசலை முன்கூட்டியே சூடாக்கிக் குமிழை வெளியேற்றிய பிறகே நின்றது. இன்னொன்று, 95% ஆக்சிஜன், 5% கார்பன் டையாக்சைடு கலவையை நன்றாக ஓடவிட்ட பிறகே கால்சியம் சேர்க்க வேண்டும். நான் அவசரத்தில் முன்பே ஊற்றினேன். ஃபிளாஸ்க் முழுக்க வெள்ளையாகக் கலங்கிவிட்டது. அத்தனையும் சிங்க்கில்.

குட்டிகளின் வயதையும் பாருங்கள். சுண்டெலிக்குக் காது கேட்கத் தொடங்குவது பிறந்து ஏறத்தாழ 12 நாளில். அதற்கு முந்தைய செல்லையும் பிந்தையதையும் ஒரே சராசரியில் போடாதீர்கள்.

தளர்ச்சியைச் சரியாக அளப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பறவைகளைப் பாருங்கள். ஒரே செவிநரம்பு இழை இரண்டாகக் கிளைபிரிகிறது. ஒலியின் நேரத்தைக் காக்கும் கிளையில் சினாப்ஸ் தளர்கிறது. உரப்பைக் காக்கும் கிளையில் தளர்ச்சியும் வலுவேற்றமும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. இப்படிப்பட்ட வித்தியாசத்தை ஒரு தப்பான கரைசல் திரித்துக் காட்டிவிடலாம்.

போன வாரம்தான் முதல் சுத்தமான செல் கிடைத்தது. முதல் அலை முன்பைவிடச் சின்னது. பத்தாவதும் ஏறக்குறைய அதே உயரம். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். அதே கோடு வந்தது.