துவரை எந்தக் கணக்கில்?

"அண்ணே, இது கேழ்வரகா, துவரையா? ஒண்ணைத்தான் போட முடியும்."

எட்டு வரிசை கேழ்வரகு, நடுவே ரெண்டு வரிசை துவரை. எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் என்று கணக்கெடுக்க வந்த தம்பி முழு ஏக்கரையும் கேழ்வரகு என்றே செயலியில் ஏற்றிக்கொண்டார். இப்போது ஊக்குவிக்கிற பயிர் அதுதானே!

விவசாயிகளுக்குக் கொடுத்த விதையை ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று வகுத்தும் பரப்பு சொல்லிவிடலாம். விதைத்தார்களா, மூட்டையிலேயே கிடக்கிறதா என்பது அதில் வராது.

செயற்கைக்கோள் இருக்கே என்பார்கள். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளியே 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் இரண்டு பயிரும் சேர்ந்து ஒரே பச்சை. அதுவும் மழைக்காலத்தில் மேகம் விலகினால்தான்.

கலப்புப் பயிரின் பரப்பை விகிதப்படி பிரித்து எழுதுவது பழைய வழக்கம்தான். செயலி செய்தவர்கள் அதற்கொரு கட்டம் வைத்திருக்கலாம்.