திங்பேட் லப்டொப்பைக் கனபேர் ஏன் இன்னும் விடேல்லை?

1992இல ஐபிஎம் கொண்டுவந்தது, 2005இல லெனோவோ கைக்குப் போனது. பெயருக்காக ஒருத்தரும் இதோட நிக்கேல்லை. திறந்து வேலை செய்யலாம், அதுதான் காரணம்.

டி480 எண்ட திங்பேட் மொடலை எடுங்கோ. அடிமூடியில 6 ஸ்க்ரூ. தளர்த்தினாலும் மூடியோடயே நிக்கும், துலையாது. ரேம் (மெமரி) போட ரெண்டு டிடிஆர்4 ஸ்லாட். உள்ளுக்க ஒரு பற்றரி, பின்பக்கம் ஒண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில பின் பற்றரியைக் கழற்றி வேறொண்டைப் போடலாம், உள் பற்றரியில சார்ஜ் இருந்தால் மெஷின் நிக்காது.

திறக்க முதல் சார்ஜரைக் கழற்றுங்கோ. பிறகு மெஷின் தொடங்கேக்க எஃப்1 அடிச்சு பயோஸ் எண்ட அடிப்படை செட்டிங்ஸுக்க போய், கொன்ஃபிக், பவர், அங்க உள் பற்றரியை நிப்பாட்டுங்கோ. கனபேர் இதை விட்டிட்டு ரேமில கை வைக்கினம். அப்ப மதர்போர்டில கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். மூடியை நெம்பேக்க அவசரம் வேண்டாம், கிளிப் உடைஞ்சிடும். சார்ஜரைத் திரும்பக் குத்தினால் பற்றரி தானா வேலை செய்யும்.

குறை இல்லையா? இருக்கு. தண்டர்போல்ட் எண்டது யூஎஸ்பி-சி வடிவில வாற வேகமான போர்ட். அதின்ர சிப்புக்குள்ள இருக்கிற மென்பொருளை (ஃபர்ம்வெயர்) அப்டேட் செய்யாமல் பழசோட ஓடினால் யூஎஸ்பி-சி சார்ஜிங் பழுதாகலாம். முத்தினால் அந்த சிப்பில ஃபர்ம்வெயரைத் திரும்ப எழுத வேணும், இல்லாட்டி மதர்போர்டு மாத்த வேணும். யாழ்ப்பாணத்தில பழசு வாங்கிறவை ரெண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலயும் சார்ஜரைக் குத்திப் பார்த்திட்டுக் காசைக் குடுங்கோ. வீட்ட வந்து முதல் வேலை அந்த ஃபர்ம்வெயர் அப்டேட்.

அடுத்து வந்த டி490இல ஒரு ரேம் மதர்போர்டிலயே சொல்டர் பண்ணினது, கழற்றேலாது, மற்றதுக்குத்தான் ஸ்லாட். வெளிப் பற்றரியும் இல்லை. புதுசெண்டு அதுக்குக் கூடக் குடுக்காதேங்கோ.